கூண்டைத் திறந்த பிறகு

(மகாவீரர் பிறப்பு விழாவின் இரண்டாம் நாள் மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் சிந்தாமணியைப் பற்றியும் நீலகேசியைப் பற்றியும் நாலடியாரைப் பற்றியும் உரையாற்றக் கேட்டு மகிழ்ந்திருக்கிறீர்கள். அவர்களுடைய புலமை எனக்கில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உயிரிரக்கம் என்னும் பொருளில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, எனக்குத் தெரிந்த வழியில்தான் அதை அணுக இயலும் என்றேன். அவரும் இசைந்தார். ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவர் நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர். அறநூல் எழுதியவரும் அல்லர். இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் அன்றைய எட்வர்டு எலியட்ஸ் சாலையில், இந்த மண்டபத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் என்னும் இயற்கையியலாளர் அவர்.

அவரிடம் செல்லுமுன் என் தந்தையாரைப் பற்றி ஒரு செய்தி. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சென்னைக்கு வந்து, மளிகைக் கடையொன்றில் கணக்கெழுதியவர் அவர். ஆண்டுதோறும் மகாவீரர் பிறந்த நாளன்று மூர் மார்க்கெட்டுக்குச் சென்று ஒரு கூண்டு சில்லைக் குருவிகளை விலைக்கு வாங்குவார். அதைச் சாந்தோம் கடற்கரைக்கு எடுத்து வந்து, அருகனை நினைந்து கூண்டைத் திறந்துவிடுவார். கூண்டைத் தூக்கி வரும் பேறு எனக்கு. கதவு திறந்ததும் சில குருவிகள் விர்ரென்று பறக்கும். சில மணலிலேயே உட்கார்ந்துவிடும். காக்கைகள் சற்றுத் தள்ளிக் காத்திருக்கும். ஓராண்டு, "அப்பா, இதெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டேன். "அதது இடத்துக்குப் போகும்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கல்லூரியில் புல்லினங்களைப் பயிலும்போதுதான் அந்த விடையின் குறை தெரிந்தது. சில்லை புல்விதை தின்று வாழும் பறவை. முட்புதரில் கூடு கட்டுவது. கடற்கரை மணலில் அதற்கு விதையும் இல்லை, புதரும் இல்லை. அது பிடிபட்ட இடமோ நகரத்தின் ஓரத்துப் புல்வெளி. நாங்கள் ஒரு கூண்டை வாங்கியதால் விற்றவர் மறுநாள் இன்னொரு கூண்டுக்கு வலை விரித்திருப்பார். என் தந்தையாரின் கருணையில் குறை காண எனக்குத் தகுதியில்லை. பறவையை அவர் முழு மனத்தோடு பார்த்தார். பறவைக்குக் கீழே இருக்கவேண்டிய நிலம் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அந்த நிலத்தை நம் கண்ணில் படவைப்பதற்காகவே வாழ்நாளெல்லாம் எழுதியவர் கிருஷ்ணன்.

1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய நாவலாசிரியர். உப்பு இலாகா அலுவலிலிருந்து முன்னதாகவே விலகி, மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறி, ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழை நடத்தினார். 1925இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காகப் பேசி முடித்த சற்று நேரத்தில் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். எட்டு மக்களில் கடைக்குட்டியான கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

அந்தச் சிறுவன் வளர்ந்த மயிலாப்பூரை நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். புதர்க்காடுகள், திறந்த வெளிகள், எண்ணற்ற பறவைகள், நகர விளிம்பில் குள்ளநரியும் வெளிமானும். வீட்டில் கீரி வளர்த்தாராம். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது, நீலகிரி, பழனி மலையுச்சிகளின் செடிகொடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய பேராசிரியர் பைசன் அவரை மலைகளுக்கு அழைத்துச் சென்றார். பின்பு சட்டமும் படித்தார். 1942இல் பெல்லாரிப் பகுதியில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் செயலாளர் என்று எத்தனையோ பொறுப்புகள். இடையிடையே ஆடு மேய்த்தும் தூதுப்புறா வளர்த்தும் பார்த்திருக்கிறார். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்ததும் சென்னைக்குத் திரும்பியவர், அதன்பின் எவரிடமும் வேலைக்குச் சேரவில்லை. எழுத்தும் ஓவியமும் ஒளிப்படமுமே பிழைப்பு.

1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதத் தொடங்கினார். 1996 பிப்ரவரி 18ஆம் நாள் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் அந்தத் தொடர் நிற்கவில்லை. தமிழில் எழுதியவற்றை சு. தியடோர் பாஸ்கரன் அவர்கள் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தந்திருக்கிறார். நம் நூலகத்தில் அது இருக்க வேண்டும், இல்லை. இது நூலகக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்.

அவர் எழுதியவற்றில் புலியும் யானையும் உண்டு. முதுமலை யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் புகழ் பெற்றவை. ஆயினும் காக்கை, அணில், பல்லி, எருமை, தெருக்கழுதை ஆகியவற்றுக்கும் அதே கவனத்தை அவர் அளித்தார் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். முற்றத்து அணிலை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர் காட்டுக்குப் போய் எதைப் பார்க்கப் போகிறார்?

இனி அவருடைய கருத்துக்கு வருகிறேன். ஒரு நாட்டின் அடையாளம், காலத்துக்குக் காலம் மாறும் மனிதப் பண்பாட்டைக் காட்டிலும், அதன் நில அமைப்பிலும் அங்கே இயல்பாக வளரும் செடிகொடிகளிலும் விலங்குகளிலும்தான் நிலைபெற்றிருக்கிறது என்று அவர் கருதினார். இலக்கியக் குடும்பத்தில் பிறந்து சங்கப் பாடல்களில் தோய்ந்த ஒருவர் இப்படிச் சொன்னது நம்மைச் சற்றே திடுக்கிட வைக்கும். எண்ணிப் பார்த்தால் இதில் முரண் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் நெய்தலும் பூத்த நிலம் இல்லாவிட்டால் அந்தத் திணைகள் பெயர் பெற்றிருக்கவே முடியாது.

இதிலிருந்து அவர் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். ஒன்று, காட்டைக் காப்பது என்பது பெரும்பாலும் அதை அதன்போக்கில் விட்டுவைப்பது. அழகுபடுத்துகிறோம், மேம்படுத்துகிறோம் என்று மனிதர் நீட்டும் கை பெரும்பாலும் கேட்டில் முடிகிறது. மற்றொன்று, அயல்நாட்டு அழகு மரங்களைக் கொண்டுவந்து நடுவது இந்த மண்ணுக்குரியவற்றை ஓரங்கட்டும் செயல். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகர் போன்றவற்றைக் கொண்டாடும் போக்கை அவர் கடுமையாகவே எதிர்த்தார். இதில் மட்டும் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் நின்று பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் என் கட்சிக்கு வருவார்கள் என்று நம்புகிறேன். ஆனால் சாலையோரத்துக்குப் பொருந்தும் வாதம் காட்டுக்குப் பொருந்தாது. கிருஷ்ணனின் கவலை காட்டைப் பற்றியது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் இதே வழியில் சிந்தித்தார். ஆல்டோ லியோபோல்டு என்பது அவர் பெயர். வனத்துறையில் பணிபுரிந்தவர். 1948 ஏப்ரலில் அண்டை வீட்டார் நிலத்தில் பரவிய புல்தீயை அணைக்கச் சென்றபோது மாரடைப்பால் இறந்தார். அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. இளமையில் அவர் ஓநாய்களைச் சுட்டவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்பது அக்காலத்து நம்பிக்கை. ஒருமுறை தாய் ஓநாயொன்றைச் சுட்டு, அதன் கண்ணில் ஒளி அடங்குவதை அருகே நின்று பார்த்தார். பின்னர், ஓநாய் இல்லாத மலைகளில் மான் பெருகிச் செடியெல்லாம் மேய்ந்து, மலை மொட்டையாகி, மானும் பட்டினியால் மடிவதைக் கண்டார். மண், நீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்ததொரு சமுதாயம்; மனிதன் அதில் ஆள்பவனாக இராமல் ஓர் உறுப்பினனாக இருக்கவேண்டும் என்று அவர் எழுதினார். நிலத்துக்கும் அறம் உண்டு என்னும் பேச்சு மேலை நாட்டில் அவரால் வலுப்பெற்றது.

இவ்விடத்தில் உங்களுள் சிலர் மனத்தில் ஓர் ஐயம் எழும். ஓநாயும் புலியும் கொல்லும் விலங்குகள். அவை வாழவேண்டும் என்று வாதிடுபவரைக் கொல்லாமை விழாவில் கொண்டாடலாமா? கிருஷ்ணனும் இரக்க உணர்ச்சியால் விலங்குகளை அணுகியவர் அல்லர். மானைப் புலி தின்பதை அவர் இயல்பு என்று எடுத்துக்கொண்டார். நமக்கும் அவருக்கும் இங்கே வேறுபாடு உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையாகாது. நம் நெறி ‘என் கை கொல்லாதிருக்கட்டும்’ என்று தொடங்குகிறது. அவர் ‘அந்த உயிரின் வீடு இடியாதிருக்கட்டும்’ என்று தொடங்குகிறார். முன்னதைக் கடைப்பிடிப்பவன் பின்னதைச் செய்யத் தவறினால், அவன் கொல்லாத உயிர்கள் வேறொரு வழியில் மடிந்துபோகும். என் தந்தையாரின் குருவிகளைப் போல.

கிருஷ்ணன் எழுதியிருக்கும் வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் அங்கே சுற்றுலா சென்றிருக்கிறோம். சுமார் 30 ஹெக்டேர் ஏரி; நீரில் நிற்கும் கடம்ப மரங்கள்; மழைக்காலத்தில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுட வந்த வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி ஊரார் முறையிட்டு, செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேசிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தப் பறவைகள் மீன் தின்பவை. ஊராரும் தவம் மேற்கொண்டவர்கள் அல்லர், உழுது பிழைத்தவர்கள். ஏரி, மரம், பறவை, வயல், தாங்கள் எல்லாம் ஒரே கணக்கில் வரவு செலவாகின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அக்கணக்கு நடைபெற்று வருகிறது.

நம் நகரத்தின் கணக்கு வேறு விதமாயிற்று. கிண்டியில் ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்த காட்டிலிருந்து கல்வி நிலையங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்கும் நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அங்கே வாழும் வெளிமானுக்கு அதன் பெயரே சொல்வதுபோல் வெளி வேண்டும். திறந்த புல்தரை வேண்டும். புல்வெளியைக் கண்டால் நமக்கோ உடனே மரக்கன்று நடத் தோன்றுகிறது. வெற்றிடம் என்று நினைத்து நல்லெண்ணத்தோடு நடும் ஒவ்வொரு மரமும் வெளிமானின் வீட்டில் ஒரு சுவர். மரம் நடுவிழாக்களில் பலமுறை மண்வெட்டி பிடித்தவன் என்னும் முறையில் இதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

வருவாய்த் துறை ஏடுகளில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்ட நிலங்களே இந்நகரில் முதலில் மறைந்தன. பள்ளிக்கரணைக் கழுவெளியின் ஒரு பகுதியில் குப்பையைக் கொட்டினோம். எஞ்சிய பகுதி 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது மகிழ்ந்தோம். தியாகராய நகரையே பாருங்கள். மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வற்றவைத்து எழுந்த ஊர் அது. கிருஷ்ணன் பள்ளிச் சிறுவனாக இருந்த காலம். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை இன்றும் இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். 2015 டிசம்பரில் நம் உறவினர் பலர் பாண்டிபஜார் ஓரத்து வீடுகளில் முழங்கால் நீரில் நின்றபோது, ‘வெள்ளம் வந்துவிட்டது’ என்றார்கள். நீர் தன் பழைய முகவரிக்கு வந்திருந்தது.

1976ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தம் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளை வகுத்தபோது, காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பதையும் உயிர்களிடத்துக் கருணை கொள்வதையும் ஒரே உட்பிரிவில் சேர்த்து எழுதியது. சட்டம் எழுதியவர்கள் அவ்விரண்டையும் பிரிக்கவில்லை. நம் முன்னோரும் பிரிக்கவில்லை. இல்லறத்தாருக்குரிய விரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் என்று ஒன்று உண்டு. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் அதை விரித்துரைக்கின்றன. காரணமின்றி மண்ணைத் தோண்டுவதும், நீரைச் சிந்துவதும், செடியைக் கிள்ளுவதும் அதில் குற்றமாக எண்ணப்பட்டுள்ளன. மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று கருதியவர்கள் வேறெப்படி எழுதியிருக்க முடியும்? கிருஷ்ணன் இந்நூல்களைப் படித்தாரோ இல்லையோ, காட்டை அதன்போக்கில் விடுங்கள் என்று அவர் நாற்பத்தாறு ஆண்டுகள் கூறியது இந்த விரதத்தின் பக்கத்திலேதான் வந்து நிற்கிறது.

பெரியோர்களே, இத்தனையும் சொன்னது இனிச் சொல்லப்போவதற்காக. இந்த மண்டபத்துக்குப் பின்னால் நம் அறக்கட்டளைக்குச் சொந்தமாக மூன்று கிரவுண்டு நிலம் இருக்கிறது. ஒரு பழங்கிணறு, இரண்டு புங்க மரம், ஒரு பூவரசு. மழை பெய்தால் தும்பையும் குப்பைமேனியும் முளைக்கும். அரணை ஓடும். காலையில் செம்போத்து ஒன்று மதிலோரம் தத்தித் தத்தி நடப்பதை நடைப்பயிற்சிக்கு வருவோர் பார்த்திருப்பீர்கள். அவ்விடத்தைச் சமன்படுத்தி, முழுவதும் சிமென்ட் கல் பதித்து, கார் நிறுத்துமிடம் ஆக்குவது என்று சென்ற மாதம் கட்டடக்குழு தீர்மானித்தது. கிணற்றை மூடுவது என்பதும் அத்தீர்மானத்தில் அடங்கும். விழா நாள்களில் தெருவில் வண்டி நிறுத்த இடமின்றி முதியோர்களும் குழந்தைகளும் படும் துன்பம் உண்மை. அதற்காக முயன்றவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் முயன்றார்கள்.

அந்தத் தீர்மானத்தில் ஐந்து கையொப்பங்கள் உள்ளன. மூன்றாவது கையொப்பம் என்னுடையது. வரைபடத்தைப் பார்த்தேன், செலவுக் கணக்கைப் பார்த்தேன், போட்டேன். வீட்டுக்குச் சென்று உணவருந்த உட்கார்ந்தபோது, என் பேத்தி, "தாத்தா, நாம ஏன் உருளைக்கிழங்கு சாப்பிடறதில்லை?" என்று கேட்டாள். பள்ளித் தோழி கேட்டிருக்கிறாள் போலும். கிழங்கிலும் அதைச் சுற்றிய மண்ணிலும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் இருக்கின்றன, ஒரு கிழங்கைத் தோண்டினால் அவையெல்லாம் மடியும் என்று வழக்கம்போல விளக்கினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. மூன்று கிரவுண்டு மண்ணை மூடக் கையொப்பமிட்ட கை அப்போது சோற்றில் இருந்தது.

என் கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இன்று காலை செயலாளர் அவர்களிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். வெறும் மறுப்பாக மட்டும் அது இருக்கலாகாது என்று சில குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன். ஆண்டில் விழா நாள்கள் பதினொன்று. அந்த நாள்களுக்கு மட்டும் அருகிலுள்ள பள்ளித் திடலை வாடகைக்குக் கேட்கலாம். நடக்க இயலாதவர்களை வாயிலில் இறக்கிவிடும் அளவுக்கு, முன்புறத்தில் ஏற்கெனவே கல் பதித்த இடமே போதும். கிணற்றைத் தூர்வாரி, மண்டபக் கூரையின் மழைநீரை அதற்குள் விடலாம்; சிமென்ட் கல்லுக்கு ஒதுக்கிய தொகையில் சிறு பங்கே அதற்குச் செலவாகும். புல்லும் தும்பையும் முளைத்த பகுதியில் எதுவும் செய்ய வேண்டாம், தோட்டமாக்கவும் வேண்டாம்.

கட்டடக்குழு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மீண்டும் கூடுகிறது. உறுப்பினர் யாவரும் கலந்துகொள்ளலாம் என்பது நம் விதி. சற்று முன்னதாக வந்தால் அந்த இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உட்காரலாம். செம்போத்து எட்டு மணிவரை அங்கேதான் இருக்கும்.